அம்மாவுக்கென்று ஒரு தனி மருத்துவர்: திருவனந்தபுரத்தில் சிறுநீரக மாற்றுப் பரிசோதனைகள்

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துவந்த என் தம்பிக்குச் சிறுநீரகம் தர அம்மா முன்வந்ததும், தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்காரர்களான நாங்கள் திருவனந்தபுரத்து மருத்துவமனை ஒன்றில் பதிவு செய்தோம். அறுவைக்கு முன் அங்கே நடந்த பரிசோதனைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் மனத்தைத் தொட்டது, அம்மாவைக் கவனித்துக்கொண்ட விதம். தம்பியின் மருத்துவருக்குத் தொடர்பில்லாத வேறொருவர் அம்மாவைப் பார்த்தார். ஒரு நாள் முழுவதும் சேர்த்த சிறுநீரைக் கொண்டுவரச் சொன்னபோது, கேனைத் துணிப்பையில் போட்டு, பேருந்தில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தார் அம்மா. டி.டி.பி.ஏ. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கின்றன என்று தெரியும். வித்தியாசம் இருந்தால் நல்லதை அம்மாவிடமே விட்டுவிடுவோம் என்றார் மருத்துவர். பிறகு மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு, "யாராவது கட்டாயப்படுத்தினார்களா அம்மா? வேண்டாமென்று தோன்றினால் சொல்லுங்கள், வீட்டாருக்குக் காரணம் தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம்" என்று கேட்டாராம். அம்மா அன்றிரவு அதைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி தாய் நெருங்கிய உறவு என்பதால் மருத்துவமனை அளவிலேயே ஒப்புதல் கிடைத்தது. முதலில் முன்வந்த சித்தப்பா மகன் நெருங்கிய உறவுகளின் பட்டியலில் வரமாட்டார். அவர் தருவதாக இருந்திருந்தால், பணம் கைமாறவில்லை, பாசத்தால்தான் தருகிறார் என்று அங்கீகாரக் குழுவின் முன் நிறுவ வேண்டியிருந்திருக்கும். எங்களைச் சுற்றவிட்டது அம்மாவின் தலைப்பெழுத்து: ஆதாரில் தாத்தாவுடையது, குடும்ப அட்டையில் அப்பாவுடையது. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கொடுத்தோம்.

குறையும் உண்டு. தம்பிக்கான பரிசோதனைகளின் முழுப் பட்டியலை முதல் நாளே தரவில்லை. எக்கோ என்னும் இதய ஸ்கேன் முடிந்த பிறகு காசநோய்ப் பரிசோதனை, அது முடிந்த பிறகு பல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னதால், டயாலிசிஸ் இல்லாத நாள்களிலெல்லாம், நடக்கவே தெம்பில்லாதவனை எல்லை தாண்டி அழைத்துப் போனோம். மாற்றுக்குப் பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை விடாமல் உட்கொள்ள வேண்டும். அப்போது ஒரு சொத்தைப் பல்கூடப் பெருந்தொற்றாகிவிடும் என்பதை யாராவது முன்பே விளக்கியிருந்தால், எங்கள் ஊரிலேயே பல்லைப் பிடுங்கிவிட்டுப் போயிருப்போம்.

போகிறவர்கள், பரிசோதனைப் பட்டியலை முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தருபவரின் உறுப்பைப் பெறுபவரின் உடல் எதிர்க்குமா என்று இருவரின் இரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கிராஸ்மேட்ச் ஒருமுறை ஒத்துவந்தாலும் அறுவைக்கு முன் மறுபடி பார்ப்பார்கள். அதைக் கண்டு பதற வேண்டாம்.