ஹியூகெரா வாங்கப் போகிறீர்களா? வேரைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன செப்டம்பர் கடைசியில் ஒரு நர்சரியில் ஆறு ஹியூகெரா வாங்கினேன். கோரல் பெல்ஸ் என்பார்களே, அதுதான். கத்தரிக்காய் நிற இலை, குளிர்காலத்திலும் பச்சைச் செடிகளுக்கு நடுவே அழகாக நிற்கும். தொட்டி ஒன்பது பவுண்டு. ஐந்தைத் தோட்டத்தில் நட்டேன், ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தேன்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு செடி வாடியது. மண்ணைத் தொட்டால் ஈரமாகத்தான் இருந்தது. தூரைப் பிடித்து லேசாக அசைத்தேன், பானை மூடியை எடுப்பதுபோல் கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு வேர்கூட இல்லை. மண்ணைக் கிளறினால் பழுப்புத் தலை, வெள்ளை உடம்பு, காலே இல்லாத புழுக்கள் பிறைபோல் வளைந்து கிடந்தன. அந்த ஒரு குழியில் மட்டும் பதினேழு. அழுகையே வந்துவிட்டது. மற்ற நான்கும் அதே கதி.

இவை வைன் வீவில் என்ற கூன்வண்டின் புழுக்கள். வண்டு கறுப்பு, ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, பறக்காது. ராத்திரியில் வந்து இலை ஓரத்தைக் கடித்துவிட்டுப் போகும். அத்தனையும் பெண். ஆண் துணையில்லாமலே நூற்றுக்கணக்கில் முட்டையிடும் என்பதால் ஒன்று நுழைந்தாலே போதும்.

படங்களோடு கடைக்குப் போனேன். “தண்ணீரை அதிகம் ஊற்றி அழுகவிட்டிருக்கிறீர்கள்” என்றார்கள். அழுகலாக இருந்தால் தூர் கொழகொழவென்று நாறும். என் செடிகளின் தூர் கெட்டியாக இருந்தது, வேர் மட்டும் கத்தரித்ததுபோல் போயிருந்தது. அதைச் சொன்னதும், “அப்படியென்றால் உங்கள் தோட்டத்துப் புழு” என்று மாற்றிப் பேசினார்கள். அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நாலாம் மாடி பால்கனி, வேறு செடியே கிடையாது, கடைத் தொட்டியைக்கூட அவள் மாற்றவில்லை. அதைக் கவிழ்த்தால் அதிலும் புழு!

மறுநாள் அந்தத் தொட்டியோடு போனபோது, செடிக்கு உத்தரவாதம் இல்லை என்ற பலகையைக் காட்டினார்கள். அந்தப் பலகை செல்லாது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்றபோது அது இல்லை என்று காட்ட வேண்டியது பொதுவாகக் கடைக்காரர்தான். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

வாங்கும்போது இலை ஓரத்தில் அரைவட்டக் கடி இருக்கிறதா பாருங்கள். இலையின் அடியில் துருப்பொடி மாதிரிப் புள்ளி இருந்தால் அது துரு நோய், அந்தச் செடியும் வேண்டாம். அப்புறம் கூச்சப்படாமல் தொட்டியிலிருந்து செடியை உருவி வேரைப் பாருங்கள். பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே நட்டுவிட்டீர்களா? இந்தப் புழுவைக் கொல்லும் நூற்புழுக்கள் விற்கிறார்கள், மண் சூடு குறையாத ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். வேர் போன தூரை வீசிவிடாதீர்கள். நான் கழுவி, மணல் கலந்த புது மண்ணில் செருகியதில் இரண்டு வேர்விட்டிருக்கின்றன.

கடை இப்போது இரண்டு தொட்டிக்குப் பணம் தருகிறோம் என்கிறது. ஆறுக்கும் கேட்டு எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.