முதல் முழுநீள ட்ரையத்லான்: ரோத்தா, லான்சரோட்டேவா?

3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். தூரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். படும் பாடு ஒன்றல்ல.

ஜெர்மனியின் ரோத்தில் நீச்சல், அலையில்லாத மைன்-டான்யூப் கால்வாயில். சைக்கிள் பாதையும் வேகமானது. சோலாரர் பெர்க் மேட்டில் இரு பக்கமும் நெருக்கிக்கொண்டு கத்தும் கூட்டமே ஆளை மேலே ஏற்றிவிடும்! முதல்முறை போகிறவருக்கு ஏற்ற இடம், அனுமதி கிடைத்தால். பதிவு தொடங்கிய வேகத்தில் இடங்கள் தீர்ந்துவிடும்.

ஸ்பெயினின் லான்சரோட்டே தீவில் கடல் நீச்சல். அப்புறம் எரிமலைக் குழம்பு உறைந்த நிலத்தில் சுமார் 2,500 மீட்டர் ஏற்றம். அதைவிடக் காற்றுதான் கொடுமை. இறக்கத்தில்கூடச் சும்மா உட்கார விடாது.

ஆனால் கெடுவைப் பாருங்கள்: லான்சரோட்டேயில் 17 மணி நேரம், ரோத்தில் 15. என் ஓட்டு ரோத்துக்கே, 14 மணி நேரத்தில் முடிக்கும் தெம்பு இருந்தால்.