ஐந்தாம் டிகிரி கறுப்புப் பட்டி மாஸ்டரும் என்னுடைய 66,500 ரூபாயும்

திருகோணமலையில் நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பழகலாம் என்று யோசிக்கிறவர்கள், காசு கட்டுவதற்கு முதல் இதை ஒருக்கால் வாசித்துவிடுங்கள். வலது முழங்காலில் பிரேஸ் போட்டுக்கொண்டு, காலைக் கதிரையில் தூக்கி வைத்தபடிதான் எழுதுகிறேன். மாஸ்டரின் பெயரையோ இடத்தின் பெயரையோ போடப்போவதில்லை. போட்டால் அடுத்த கிழமை வேறு பெயரில் போர்டு தொங்கும். ஆளை விட, ஆள் செய்த வேலையைத் தெரிந்துகொண்டால் போதும்.

எனக்கு 52 வயது. டவுணில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். சீனி வருத்தம் வந்து நாலு வருஷம். கிளினிக்கில் நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். விடியப்புறம் கோட்டை வாசலால் ஏறி கோணேசர் கோயில் வரை போய்வருவேன். இரண்டு வருஷத்தில் கோட்டைக்குள் நிற்கிற மான்களெல்லாம் என்னை அடையாளம் கண்டுகொண்டன, சீனி மட்டும் இறங்கவில்லை.

மகன்தான் ஒரு வீடியோ காட்டினான். நரைத்த தலையோடு இரண்டு பேர் பாயில் கட்டிப் புரளுகிறார்கள். உதையும் இல்லை, குத்தும் இல்லை. இந்த விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பு (IBJJF) நடத்துகிற போட்டிகளில் 30 வயதிலிருந்து மாஸ்டர்ஸ் பிரிவு தொடங்குகிறதாம். மாஸ்டர் 5 என்றால் 51க்கு மேல், மாஸ்டர் 7 என்றால் 61க்கு மேல். என் வயதுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது என்றதும் ஆசை வந்துவிட்டது. போட்டிக்குப் போக அல்ல, சும்மா ஒரு சந்தோஷம்.

சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு பேனர் கண்ணில் பட்டது. '50+ விசேட வகுப்பு. ஐந்தாம் டிகிரி கறுப்புப் பட்டி மாஸ்டர்.' டிகிரி என்றால் கறுப்புப் பட்டி கட்டின பிறகு ஏறுகிற படி. நிலாவெளிப் பக்கம் போகிற வழியில் ஒரு மாடிக் கட்டடம். மாஸ்டர் நல்ல கதைகாரர். "அண்ணை, எனக்கு 34 வயசு. என்னை விட உங்களுக்குத்தான் இது கெதியா வரும், வயசானாக்களுக்குப் பொறுமை இருக்கு" என்றார். மாதம் 6,000, ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 48,000. கீ என்கிற உடுப்பு 18,500, அதை அவரிடம்தான் வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு படிவம். கண்ணாடி கடையில் கிடந்தது, அப்படியே கையெழுத்துப் போட்டேன். காசாகக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு "அடுத்த வகுப்பில தாறன்" என்றார். என் கடையில் நாலு ஆணி வாங்கினாலும் பில் எழுதிக் கொடுக்கிறவன் நான்.

முதல் மூன்று கிழமை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் பழக்கியது இறால் மாதிரி நகர்வதை. மல்லாக்கப் படுத்து, ஒரு காலை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, பின்பக்கமாக உடம்பை மடித்து இழுப்பது. இதற்குப் பெயரே இறால்தான். வாழ்நாள் முழுக்க இறால் தின்ற ஊர்க்காரன் ஐம்பத்திரண்டில் இறாலாக மாறினேன். மேலே ஒருவன் ஏறியிருந்தாலும் இடுப்பை நகர்த்தினால் இடைவெளி வரும், இடைவெளி வந்தால் முழங்காலைச் செருகலாம். பலத்தில் அல்ல, எந்தப் பக்கம் நகர்வது என்று தெரிவதில்தான் விஷயம். முதல் தடவை அப்படி ஒருவனுக்குக் கீழேயிருந்து வெளியே வந்தபோது சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தேன். அதனால்தான் மற்றதெல்லாம் கண்ணில் படப் பிந்தியது.

மற்றது என்றால் என்ன? சீமெந்துத் தரையில் பிள்ளைகள் விளையாடுகிற மெல்லிய ஸ்பொஞ்ச் பாய். சேருகிற இடத்தில் விரல் போகிற அளவு இடைவெளி. துடைத்ததை நான் காணவில்லை. இரண்டு பொடியன்களுக்குக் கழுத்தில் வட்டம் வட்டமாகப் படர்தாமரை. தோலோடு தோல் உரசுகிற விளையாட்டில் அது பாயாலும் உடுப்பாலும் பரவும். அதனால் ஒழுங்கான இடங்களில் ஒவ்வொரு நாளும் பாயை மருந்து போட்டுத் துடைப்பார்கள், நகம் வெட்டாமல் வந்தால் திருப்பி அனுப்புவார்கள், படர்தாமரை இருந்தால் மாறும் வரை வீட்டில் நிற்கச் சொல்வார்கள். மாஸ்டர் சொன்னது: "வெயில் ஊர்தானே, வேர்க்குரு."

18,500 ரூபாய்க் கீ மூன்றாம் கிழமை கக்கத்தில் கிழிந்தது. பிறகுதான் தெரிந்தது, அது கராத்தே உடுப்பு. ஜியு-ஜிட்சு உடுப்பின் சட்டை தடித்த நெசவு, கழுத்துப்பட்டை உள்ளுக்குக் கயிறு வைத்த மாதிரி விறைப்பாக இருக்கும். அதைப் பிடித்து இழுத்துத் தொங்குவதுதானே விளையாட்டே. துணியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்திருந்தால் விளங்கியிருக்கும். தகரத்தின் கனத்தை விரலால் சொல்லுகிற எனக்கு அது தோன்றவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் ஒன்று. மாஸ்டர் ஒரு நாளாவது எங்களோடு பாயில் இறங்கி மல்லுக்கட்டவில்லை, பிடிப்பது என்று நாங்கள் சொல்லுவது அதைத்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்று, போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, பிறகு எங்களைச் செய்யச் சொல்லுவார். கேட்டால் தோள்மூட்டு நோ.

ஜூன் மாதம், கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய நேரம், உப்புவெளியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண் வகுப்புக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும், என் தோளளவு உயரம், இடுப்பில் வெளிறிப்போன ஊதாப் பட்டி. பயணம் போகிற இடமெல்லாம் வகுப்பைத் தேடிப் போய் ஒரு நாள் பிடிப்பது இவர்கள் வழக்கமாம். மாஸ்டரோடு பிடிக்கலாமா என்று கேட்டார். மாஸ்டருக்கு உடனே தோள் நொந்தது. என்னைக் கைகாட்டினார்.

அந்த ஐந்து நிமிஷம்தான் நான் இந்த வகுப்பில் பெற்ற உண்மையான பாடம். அவர் என்னை ஒரு தடவையும் அமுக்கவில்லை. ஆனால் நான் எங்கே போனாலும் அங்கே முதலே இருந்தார். என் கையை நீட்டி முழங்கையை எதிர்ப்பக்கம் மடக்குகிற இடத்துக்குக் கொண்டுபோய், அங்கேயே நிறுத்தி, முகத்தைப் பார்த்தார். நான் தட்டினேன். இரண்டு தட்டுத் தட்டினால் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் இந்தக் கலையின் சட்டம். தட்டு விழுவதற்கு முதலே அவர் கை தளர்ந்திருந்தது. பிறகு தான் கீழே படுத்து, நான் பழகிய இறாலை என் மேல் செய்துகாட்டி, இடுப்பை இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பு என்று சைகை காட்டினார்.

போகும்போது படியில் நின்று சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் மாஸ்டருக்குக் கறுப்புப் பட்டி கட்டியது யார்?

எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் ஒரு நாதஸ்வர வித்துவான் வந்தால் முதல் கேள்வியே "ஆரிட்டப் படிச்சவர்?" என்பதுதான். இங்கேயும் அப்படித்தானாம். ஜப்பானில் கானோ ஜிகோரோ 1882இல் தொடங்கிய கோடோகான் ஜூடோவில் பழகிய மிட்சுயோ மைதா, 1914இல் பிரேசிலுக்குப் போய், பிறகு அங்கே கார்லோஸ் கிரேசிக்குப் பழக்க, அவரிடமிருந்தும் தம்பி ஹெலியோவிடமிருந்தும் பரவியது பெரும்பகுதி. எந்தக் கறுப்புப் பட்டிக்காரரைக் கேட்டாலும் தனக்கு யார் கட்டினார், அவருக்கு யார் கட்டினார் என்று ஒரு மூச்சில் மேலே வரை சொல்லுவாராம். அடுத்த வகுப்பில் கேட்டேன். "அதெல்லாம் ஒன்லைன்ல இருக்கு அண்ணை" என்றார்.

அன்று இரவு கடையில் பில் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வெள்ளைக்குப் பிறகு நீலம், ஊதா, பிரவுண், கறுப்பு. கூட்டமைப்பின் விதிப்படி கறுப்புக் கட்டக் குறைந்த வயது 19. அதற்குப் பிறகு முதல் மூன்று டிகிரிக்கும் தலா 3 வருஷம், நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் தலா 5 வருஷம். ஆக 19 வருஷம். 19ஐயும் 19ஐயும் கூட்டினால் 38. மாஸ்டருக்கு அவர் வாயாலேயே 34. பிறக்க நாலு வருஷம் முதலே பழகத் தொடங்கினாரோ தெரியாது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன் போனாய் என்று கேட்பீர்கள். மனைவியும் அதைத்தான் கேட்டா. கட்டின காசு. ஒன்பது மாதத்துக்கு மேல் மிச்சம் கிடக்கிறதே என்கிற எண்ணம். கடைக்காரப் புத்தி அந்த இடத்தில்தான் காலை வாரியது, சொல்லப்போனால் உண்மையாகவே வாரியது.

அந்தக் கிழமை நீலப் பட்டிப் 'பரீட்சை', கட்டணம் 15,000. சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளையிலிருந்து நீலத்துக்கு வர ஒன்றரை இரண்டு வருஷம் எடுப்பது சாதாரணம். பல இடங்களில் பரீட்சையே கிடையாது, ஆசிரியர் பாயில் பார்த்துக்கொண்டேயிருந்து ஒரு நாள் கட்டிவிடுவார். நான் காசு கட்டமாட்டேன் என்றேன். மாஸ்டரின் முகம் மாறியது. அன்றைக்கு என்னைக் கம்பஸ் படிக்கிற 22 வயதுப் பொடியனோடு விட்டு, அவனுக்கு ஹீல் ஹூக் காட்டிக் கொடுத்தார்.

ஹீல் ஹூக் என்றால் காலைத் தொடைகளுக்கிடையில் பூட்டி, பாதத்தைக் கக்கத்தில் வைத்து, குதிக்காலை முழங்கையால் திருகுவது. திருகுவது குதியை, உடைவது முழங்கால். இதில் பயங்கரம், நோவு பிந்தித்தான் வரும். நொந்ததும் தட்டலாம் என்று இருந்தால் அதற்குள் லிகமெண்ட் போய்விடும். அதனால்தான் கூட்டமைப்பின் போட்டியில் கீ போட்டால் எந்தப் பட்டிக்காரருக்கும் இது தடை. 2021இலிருந்து கீ இல்லாத போட்டியில், வளர்ந்தோர் பிரிவின் பிரவுண், கறுப்புப் பட்டிக்காரருக்கு மட்டும் அனுமதி. நாங்கள் இரண்டு பேரும் கீ போட்ட வெள்ளைப் பட்டிக்காரர். எனக்கு அரை நூற்றாண்டு பழைய முழங்கால்.

கால் திரும்பத் தொடங்கியதும் தட்டினேன். பொடியன் கையை எடுக்கப் பார்த்தான். "விடாத! அண்ணை தாங்குவார், வீம்புக்குத் தட்டுறார்" என்று மாஸ்டர் கத்தினார். ஒரு கணம்தான். பச்சைத் தடியை முறித்த மாதிரி உள்ளுக்குள் ஒரு சத்தம். மற்ற ஆட்களுக்கும் கேட்டதாம்.

பொடியனில் எனக்குக் கோபமில்லை. அடுத்த நாள் சித்தாலேப டப்பா ஒன்றோடு கடைக்கு வந்து கண்கலங்கி நின்றான். "அங்கிள், நான் விடத்தான் பார்த்தனான்" என்றான். எனக்கும் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் உள்பக்க லிகமெண்ட் பாதி கிழிவு. சத்திரசிகிச்சை தேவையில்லை என்றது அதிர்ஷ்டம். ஆறு கிழமை பாரம் தூக்கவில்லை. இரும்புக்கடைக்காரன் பாரம் தூக்காமல் இருப்பது எப்படி என்று யாராவது ஒரு வகுப்பு வைத்தால் நல்லது.

மிச்சக் காசைக் கேட்டேன். அடுத்த கிழமை, சம்பளம் வரட்டும், ஆடி முடியட்டும். பிறகு படிவத்தைக் காட்டினார். கண்ணாடி போட்டு வாசித்தேன்: எக்காரணத்துக்கும் பணம் திருப்பித் தரப்படாது, காயத்துக்குப் பொறுப்பில்லை. பற்றுச்சீட்டுக் கேட்டால் "நீங்க தந்ததுக்கு என்ன ஆதாரம்?"

இதில்தான் நான் விட்ட பெரிய பிழை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருள் வாங்கி அல்லது சேவை பெற்று 3 மாதத்துக்குள் போக வேண்டும். ஏப்ரலில் கட்டிய காசுக்கு நான் ஓகஸ்ட்டில்தான் விசாரித்தேன். "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" என்று அந்த ஆள் இழுத்தது சும்மா இழுத்ததோ, தெரிந்து இழுத்ததோ. சட்டம் தெரிந்த ஒரு கூட்டாளி, காயப்பட்ட நாளை வைத்து எழுது, அது ஜூன் கடைசி, இன்னும் நாள் இருக்கிறது என்றார். எழுதி, எம்.ஆர்.ஐ. அறிக்கையின் பிரதியும் கிழிந்த கீயின் படமும் வைத்து பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

கால் சரியானால் திரும்பப் பழகுவாயா என்று மகன் கேட்டான். பழகுவேன், ஆனால் வேறு மாதிரி. முதல் நாள் காசில்லாமல் ஓரத்தில் இருந்து ஒரு முழு வகுப்பைப் பார்ப்பேன். ஆசிரியர் பாயில் இறங்குகிறாரா, தட்டினவுடன் விடுகிறார்களா, வயதான ஆளுக்கு நான் இன்று பிடிக்க வரவில்லை என்று சொல்ல இடமிருக்கிறதா என்று கவனிப்பேன். "உங்களுக்குப் பட்டி கட்டினது ஆர்?" என்று சிரித்த முகத்தோடு கேட்பேன். மாதா மாதம்தான் கட்டுவேன், கையில் பற்றுச்சீட்டு வந்த பிறகு.

என்னோடு சேர்ந்து வருஷக் காசு கட்டிய இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள், பிறகு சேர்ந்தவர்களும் இருப்பார்கள். கட்டி மூன்று மாதம் ஆகவில்லையென்றால் இன்றைக்கே எழுதுங்கள். அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்தும் கேட்கலாம். காசு கொடுத்தபோது அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, வங்கித் துண்டு, எது இருந்தாலும் அழிக்காதீர்கள். நான் எழுதிய கடிதத்தின் பிரதி கடை லாச்சியில் கிடக்கிறது, தேவையென்றால் கீழே சொல்லுங்கள், பெயர் விலாசத்தை மறைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன்.