தவக்காலத்தில் உண்டியலா, நேரில் போவதா?

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, ஏழைகளுக்கு உதவுவதற்காகக் கோவிலிலிருந்து கொண்டுவந்த உண்டியல் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கறி எடுக்காமல் மிச்சமாகும் காசு அதில் விழும். பிள்ளைகளும் ஆளுக்கு ஐந்து ரூபாய் போடுவார்கள். யார் கொடுத்தார் என்பது யாருக்கும் தெரியாது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று இயேசு சொன்னதற்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் நடமாட முடியாத பெரியவர்களுக்கும் இதுவே நல்ல வழி.

ஆனால் திருச்சபை கற்பிக்கும் உடல் சார்ந்த ஏழு இரக்கச் செயல்களையும் எண்ணிப் பாருங்கள். பசித்தவருக்கு உணவு, தாகமுற்றவருக்குத் தண்ணீர், ஆடை, தங்க இடம் இவற்றையெல்லாம் பணத்தால் கொடுத்துவிடலாம். நோயாளியையும் சிறையில் இருப்பவரையும் பார்க்க நாம்தான் போக வேண்டும். இறந்தவரை அடக்கம் செய்யவும் ஆள் வேண்டும். (இந்த ஏழாவது மட்டும் மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் இல்லை, விவிலியத்தின் தோபித்து நூலிலிருந்து வந்தது.)

புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனைக்குக் கடலூர், விழுப்புரம் பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். நோயாளியைவிடத் துணைக்கு வந்தவர்தான் பல நேரம் வாடிப்போய் இருப்பார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினாலே முகம் மாறும். அதை உண்டியல் செய்யாது.

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், உடம்பில் தெம்பு இருப்பவர்கள் நேரில் போங்கள் என்பேன். பார்வையாளர் நேரத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், பழம் வாங்கும் முன் நோயாளிக்குச் சர்க்கரை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.