சும்மா கிடக்கும் கணினி யாருக்கு: ஃபோல்டிங்குக்கா, பாயிங்க்குக்கா?

ஃபோல்டிங் அட் ஹோம், பாயிங்க் போன்ற மென்பொருள் வழியாகக் கணினியின் உபரித் திறனை அறிவியல் ஆய்வுக்குத் தரலாம் என்று கிளம்புகிறவர்கள், எந்தத் திட்டம் பெரியது, எந்தக் குழு முன்னணியில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் நான் முதலில் பார்ப்பது வெப்பத்தை. குளிர்நாட்டில் கணினி கக்கும் சூடு அறையைக் கதகதப்பாக்கும். நம் வீவக அடுக்குமாடி வீட்டில் அதே சூட்டை வெளியே தள்ள ஏர்கானுக்கும் சேர்த்துத் தண்டம் அழவேண்டும்.

கணக்கைப் போட்டுவிடலாம். ஒரு யூனிட் மின்சாரம் சுமார் 30 காசு என்று வைத்துக்கொள்வோம். 250 வாட் இழுக்கும் கேமிங் கணினி நாள் முழுக்க ஓடினால் 6 யூனிட், மாதத்துக்கு 54 வெள்ளி. இரவில் 8 மணி நேரம் மட்டும் என்றால் 18 வெள்ளி. 40 வாட் மடிக்கணினி இரவுபகலாக ஓடினாலும் மாதம் 9 வெள்ளியைத் தாண்டாது. ஏர்கான் செலவு இதில் சேரவில்லை. பியூபி மின்கட்டண பில்லைப் பார்த்து வீட்டில் யாராவது கேள்வி கேட்கும் முன்பே பதிலைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

சரி, போட்டியாளர்களுக்கு வருவோம். ஃபோல்டிங் அட் ஹோம் 2000-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. புரதங்கள் எப்படி மடிகின்றன, எப்படி அசைகின்றன என்பதை அணு அணுவாகக் கணித்துப் பார்ப்பதே அதன் வேலை. 2020-இல் கொவிட் வந்தபோது உலகெங்கும் மக்கள் அதில் குவிந்தார்கள். மொத்தக் கணிப்புத் திறன் ஒரு எக்ஸாஃப்ளாப்பை, அதாவது வினாடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்குகளைத் தாண்டியது. அப்போது கொரோனா கிருமியின் புரதங்களைப் பற்றி லட்சக்கணக்கான கணினிகள் சேர்ந்து கணித்த அசைவுகளை எல்லாம் கூட்டினால் வெறும் 0.1 வினாடி! இதைப் படித்துச் சிரிக்கவேண்டாம். புரதத்தின் உலகில் அது ஒரு யுகம். அந்த அசைவுகளின் நடுவே, மருந்து ஒட்டிக்கொள்ளக்கூடிய, சாதாரணமாகக் கண்ணில் படாத குழிகள் தெரியவந்தன.

"அதுதான் ஆல்ஃபாஃபோல்ட் வந்துவிட்டதே, இனி இது எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். புரதத்தின் வடிவத்தை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்ட் தருவது பெரும்பாலும் புரதத்தின் நின்ற கோலம். ஃபோல்டிங் தேடுவது அது ஆடும் ஆட்டத்தை.

ஃபோல்டிங் சாதாரண சிபியூவிலும் ஓடும். ஆனால் செய்த வேலைக்குத் தரும் புள்ளிகளை நிறையச் சேர்க்க நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். அதோடு, ஒர்க் யூனிட்டை (நம் கணினிக்கு வரும் ஒரு துண்டு வேலையை) எவ்வளவு சீக்கிரம் முடித்து அனுப்புகிறோமோ அவ்வளவு போனஸ் புள்ளி. போனஸ் வேண்டுமானால் பாஸ்கீ என்ற தனிக் குறியீட்டை வாங்கி, அதன்கீழ் 10 ஒர்க் யூனிட்டாவது முடித்திருக்கவேண்டும். அப்புறமும் எடுத்த வேலையில் 80 சதவீதத்தை ஒழுங்காக முடித்துக் கொடுக்கவேண்டும். பாதியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறவர் இங்கே புள்ளியில் பின்தங்கிவிடுவார். இரவு மட்டும் ஓட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு புள்ளிப் பட்டியலில் பெரிய இடம் கிடைக்காது.

பாயிங்க் வேறு வகை. அது நம் உணவங்காடி நிலையம் மாதிரி: கூரை ஒன்று, கடைகள் பல. பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் எழுதிய பொது மென்பொருள் அது. வேற்றுக்கிரகவாசிகளின் சமிக்ஞையைத் தேடிய செட்டி அட் ஹோம் 1999-இல் தொடங்கி, பின்னாளில் இந்தக் கூரைக்குள் வந்து, 2020 மார்ச்சில் வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. மற்ற கடைகள் திறந்தே இருக்கின்றன.

அவற்றில் எனக்குப் பிடித்தது ஐன்ஸ்டைன் அட் ஹோம். 2010-இல் அரெசிபோ தொலைநோக்கியின் தரவிலிருந்து அது ஒரு புதிய பல்சாரை, அதாவது சுழன்றபடி சீரான துடிப்புகளாக அலை அனுப்பும் விண்மீனைக் கண்டுபிடித்தது. ஒரே வேலையை இரண்டு கணினிகளுக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிடுவது அங்கே வழக்கம். அந்தப் பல்சாரைப் பிடித்தவை அமெரிக்காவின் ஐயோவாவில் ஒரு வீட்டுக் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸில் இன்னொரு கணினியும். மருத்துவ ஆய்வுதான் வேண்டும் என்பவர்களுக்கு வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் இருக்கிறது. ஐபிஎம் 2004-இல் தொடங்கியது, இப்போது டொரொண்டோவின் கிரெம்பில் ஆய்வுக்கழகத்தின் கையில். 2022-இல் இடம் மாறியபோது பல மாதங்கள் வேலையே வரவில்லை. அதனால் அதை மட்டும் நம்பாமல் இன்னொரு திட்டத்தையும் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள். ரொசெட்டா அட் ஹோம், புரத வடிவமைப்புக்காக 2024-இல் நோபெல் பெற்ற டேவிட் பேக்கரின் ஆய்வகத்திலிருந்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் பருவநிலைத் திட்டத்தில் ஒரே வேலை நாள்கணக்கில் ஓடும். தினமும் கணினியை அணைக்கிறவர்களுக்குத் தோதுப்படாது.

பாயிங்க்கின் பெரிய பலம் அதன் கடிவாளம். எத்தனை சதவீத சிபியூ, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, நாம் வேலை செய்யும்போது ஓடலாமா கூடாதா, எல்லாவற்றையும் நாமே சொல்லலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஓடும். இயல்பான அமைப்பில் சார்ஜில் இருந்தால்தான், பேட்டரி 90 சதவீதத்தைத் தொட்டால்தான் தொடங்கும். பேட்டரி சூடு 40 டிகிரியை எட்டினால் நின்றுவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓடுவதைவிட நிற்பதே அதிகமாக இருக்கும். கைப்பேசியை விட்டுவிடுங்கள் என்பேன்.

பகா எண் தேடும் கிம்ப்ஸ் என்ற திட்டத்தையும் சிலர் கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் அது கண்டெடுத்த எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அதைப் பிடித்தது வாடகைக்கு எடுத்த மேகக்கணினிகளின் ஜிபியூக்கள், அதாவது கிராஃபிக்ஸ் சில்லுகள். மடிக்கணினிக்காரர் லாட்டரிச் சீட்டு வாங்கும் மனநிலையில் சேரலாம்.

நண்பர்கள் நாலைந்து பேர் குழுவாகச் சேர நினைத்தால் நான் பாயிங்க் பக்கம்தான் கைகாட்டுவேன். அங்கே பொதுவாகக் கெடுவுக்குள் முடித்தால் போதும், வேகத்துக்குத் தனிப் பரிசில்லை. பழைய மடிக்கணினி வைத்திருப்பவரும் தலைநிமிர்ந்து இருக்கலாம். எல்லாத் திட்டங்களிலும் ஒரே மின்னஞ்சலில் பதியுங்கள், அப்போதுதான் புள்ளிகள் ஒரே பெயரில் கூடும். அலுவலகக் கணினியை மட்டும் அனுமதியில்லாமல் தொடாதீர்கள்.

கேமிங் கணினி உள்ள வீடுகளுக்கு ஃபோல்டிங் சரி, அதுவும் நேரம் பார்த்து. மகன் தேசிய சேவையில் இருக்கிறான் என்றால் வாரநாள்களில் அவனுடைய கார்டு சும்மாதான் கிடக்கும். மின்வரம்பை 70 சதவீதத்துக்கு இறக்கினாலும் வேகம் அந்த அளவுக்கு விழுவதில்லை, சூடுதான் நன்றாகக் குறையும். இரவில் சன்னலைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். வெள்ளிக்கிழமை மதியமே 'ஃபினிஷ்' பொத்தானை அழுத்திவிட்டால், கையிலிருக்கும் ஒர்க் யூனிட்டை முடித்து அனுப்பிவிட்டு அதுவாகவே நின்றுவிடும். முகாமிலிருந்து வந்ததும் அவன் விளையாட உட்காரலாம்.