பி.எஸ்ஸி. முதல் எம்.எஸ்ஸி. வரை: அச்சுப் பாடநூலின் ஐந்தாண்டுப் பயன்பாடு

அச்சுப் பாடநூலுக்குக் கொடுத்த காசு வீணா இல்லையா என்பது முதல் செமஸ்டரில் தெரியாது. முதலாண்டில் தேர்வுக்குக் கைடும் சீனியர் நோட்ஸும் போதும் என்றே தோன்றும். எம்.எஸ்ஸி.யிலோ, ஐஐடி ஜாம், சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுக்கோ வெப்ப இயக்கவியலை மறுபடி எடுக்கும்போதுதான் அருமை புரியும். அன்று பக்க ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்த இடைப்படிகள் அதே சமன்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். பிடிஎஃப்பிலும் குறிப்பு எழுதலாம்தான். போனும் ஆப்பும் மாறும்போது அது பெரும்பாலும் தொலைந்துவிடும்.

54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஓர் அலசலில், தகவல் சார்ந்த பாடங்களைத் தாளில் படித்தவர்களுக்கே புரிதல் கூடுதலாக இருந்தது. நேரக் கெடு வைத்தபோது இடைவெளி இன்னும் பெரிதானது. கதை படிப்பதில் அந்த வேறுபாடு தென்படவில்லை. மூன்று பக்கம் ஓடும் ஒரு வருவித்தலை (டெரிவேஷன்) படித்துப் பாருங்கள்: சமன்பாடு இடப்பக்கம், படம் வலப்பக்கம், ஒரு விரல் பின்னிணைப்பு அட்டவணையில். போன் திரையில் இந்த மூன்றும் ஒருசேரக் கண்ணில் படாது. சொல்லைத் தேட மட்டும் பிடிஎஃப்பை மிஞ்ச எதுவுமில்லை. அதுவும் ஸ்கேன் செய்த பிரதியென்றால் பல நேரம் தேடல் வேலை செய்யாது.

அதிகம் பேர் சறுக்குவது பதிப்பில்தான். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைப்பதை வாங்குவதில் தவறில்லை, அதன் மரபு, அதாவது அது பின்பற்றும் அலகும் குறியும், தெரிந்து வாங்க வேண்டும். திட்ட அழுத்தத்தை 1 அட்மாஸ்பியரிலிருந்து 1 பாருக்கு மாற்ற 1982இல் சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயுபேக் பரிந்துரைத்தது. 0 டிகிரி செல்சியஸில் ஒரு மோல் நல்லியல்பு வாயுவின் பருமன் பழைய நூலில் 22.414 லிட்டர், புதியதில் 22.711 லிட்டர். வாயுக்களின் திட்ட என்ட்ரோபியும் மோலுக்கு, கெல்வினுக்கு 0.109 ஜூல் கூடியது. இரு நூல்களின் அட்டவணைகளையும் கலந்து கணக்குப் போட்டால் விடை தசமத்தில் இடிக்கும், காரணமும் பிடிபடாது.

எது பிளஸ், எது மைனஸ் என்ற குறி மரபு இதைவிடப் பெரிய வம்பு. வெப்ப இயக்கவியலின் முதல் விதியில் வெப்பத்தோடு வேலையைக் கூட்டும் நூலும் உண்டு, கழிக்கும் நூலும் உண்டு. முன்னதில் அமைப்பின் மீது செய்த வேலை நேர்க்குறி. பின்னதில் அமைப்பு செய்த வேலை நேர்க்குறி. பழைய அமெரிக்க நூல்கள் சிலவற்றில் துத்தநாகத்துக்கு ஆக்சிஜனேற்ற மின்னழுத்தமாக +0.76 வோல்ட் இருக்கும். இன்றைய அட்டவணையில் ஒடுக்க மின்னழுத்தமாக −0.76. கோள ஆயங்களில் தீட்டா, ஃபை என்ற கோணக் குறியீடுகள் கணித நூலுக்கும் இயற்பியல் நூலுக்கும் இடையே இடம் மாறிக் கிடக்கும். ஆகவே ஒரு பாடத்துக்கு ஒரே நூலை முதன்மையாக வைத்துக்கொண்டு, அதன் மரபை முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

மரபு தெரிந்துவிட்டால் செவ்வியல் இயக்கவியலுக்கும் மின்காந்தவியலுக்கும் இருபது வருடப் பழைய பதிப்பே தாராளம். கிலோகிராமின் வரையறை 2019 மே 20 முதல் மாறியதால் அதிலுள்ள கணக்குகள் கெட்டுப்போகவில்லை. மரபியலில் பழைய பதிப்பு செல்லாது. 2010இல் வந்த பதிப்பில் கிரிஸ்பர் மரபணுத் திருத்தத்தைத் தேடினால் கிடைக்காது. புரோகிராமிங் நூல்களை அச்சில் வாங்கவே வேண்டாம்.

மலிவு விலைப் பதிப்பில் படங்கள் கறுப்பு வெள்ளையா என்று கடையிலேயே புரட்டிப் பாருங்கள். திசுவியலில் ஹீமடாக்சிலின் சாயம் ஏற்றிய நீலக் கருவும் இயோசின் சாயம் ஏற்றிய இளஞ்சிவப்புச் சைட்டோபிளாசமும் சாம்பல் நிறத்தில் ஒன்றாகிவிடும். அப்படிப்பட்ட நூலுக்கு எந்த விலையும் அதிகம்தான்.

இனி புத்தகப் பராமரிப்பு. 1,200 பக்கம் என்றால் 600 தாள். 19க்கு 25 சென்டிமீட்டர் அளவில், 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் ஏறக்குறைய 2 கிலோ. பையில் தினமும் சுமக்காமல் மேசையிலேயே வைத்திருங்கள். முதுகில் பசை மட்டும் போட்ட புத்தகத்தை முதல் நாளே நடுவில் விரித்து அழுத்தினால் பசை அந்த இடத்தில் பிளந்து, கொஞ்ச நாளில் தாள் கழன்று வரும். முதுகை மேசையில் நிறுத்தி, முன்னட்டையையும் பின்னட்டையையும் சாய்த்து, முன்னாலிருந்து இருபது தாள், பின்னாலிருந்து இருபது தாள் என மாறி மாறி மெல்ல அழுத்தி நடுவுக்கு வாருங்கள். ஹைலைட்டர் மெல்லிய தாளில் ஊறி மறுபக்கம் தெரியும்; எச்பி பென்சில் போதும். ஜெம் கிளிப்பைப் பக்கத்தில் விட்டுவைத்தால் மழைக்காலத்தில் துருக்கறை விழும்.

பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன், முதுகை ஒட்டி எழுத்தில்லாமல் விட்ட உள் ஓரத்தை அளந்து பாருங்கள். பக்கவாட்டில் துளையிட்டுத் தைத்தால் ஒரு சென்டிமீட்டர் வரை உள்ளே போய், சமன்பாட்டின் கடைசி எழுத்துகள் மறைந்துவிடும். ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இந்தத் தையல் வேண்டாம். இரண்டாகப் பிரித்துக் கட்டச் சொன்னால், பொருளடைவும் பின்னிணைப்பும் இரண்டாம் பாகத்தோடு போய்விடும். அவற்றை ஜெராக்ஸ் எடுத்து முதல் பாகத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மைதாப் பசையை இராமபாணப் பூச்சி விரும்பித் தின்னும். பூச்சி அண்டாமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தாரா என்று பைண்டரிடம் கேட்டுவிடுங்கள். வாங்கி வந்ததும் ஈரம் காயும்வரை நிழலில் வைத்து, பிறகு அலமாரியில் அடுக்குங்கள்.