லெப்பர்ட் கெக்கோ ஒளிய எது நல்லது: சட்டியா, ஓடா, ரெசின் குகையா?

லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியை வாங்குபவர்கள் கண்ணாடித் தொட்டிக்கும், அதற்கு அடியில் வைத்துச் சூடேற்றும் விரிப்பான ஹீட் மேட்டுக்கும் தாராளமாகச் செலவு செய்கிறார்கள். அது ஒளிந்துகொள்ள மட்டும் கடையில் கண்ணில் படும் ஒரு குகையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒன்று போதாது, மூன்று வேண்டும். சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று, தோல் உரிக்க ஈரமாக ஒன்று. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா என வறண்ட பாறை நிலத்துப் பல்லி இது. பகலெல்லாம் கல்லிடுக்கில் கிடந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். ஒளிய ஒரே இடம்தான் என்றால், சூடு போதாவிட்டாலும் அங்கேயே கிடக்கும். தின்ற பூச்சி சரியாகச் செரிக்காது.

இந்த மூன்று இடத்துக்கும் ஒரே பொருள் ஒத்துவராது.

சூடான பக்கத்தை முதலில் பார்ப்போம். அங்கே தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருந்து, அந்தச் சூடு பல்லியின் வயிற்றில் படவேண்டும். செயற்கைப் பிசினில் வார்த்த ரெசின் குகை பார்க்கப் பாறை மாதிரியே இருக்கும், கழுவவும் சுலபம். ஆனால் அடித்தளத்தோடு வரும் குகை என்றால் ஹீட் மேட்டின் சூடு அதைத் தாண்டி மேலே வருவது கஷ்டம். உள்கூரையும் பல மாடல்களில் தேவைக்கு மேல் உயரம். கெக்கோவுக்கு முதுகு கூரையில் உரசுகிற மாதிரி நெருக்கமான இடம்தான் பிடிக்கும்.

அதே இடத்தில் நாட்டு ஓடு அருமையாகப் பொருந்துகிறது. சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் கேட்டால் கிடைக்கும். கவிழ்த்து வைத்தால் அடித்தளமே இல்லாத சுரங்கம், சூடு நேராக வயிற்றுக்குப் போகும். ஒரு முனையைத் தொட்டிச் சுவரோடு ஒட்டி அடைத்துவிடுங்கள், வாசல் ஒன்று இருந்தால் போதும். வளர்ந்த கெக்கோ 20 முதல் 25 செ.மீ. இருக்கும், ஓடு குட்டையாகத் தெரிந்தால் இரண்டை நீளவாக்கில் சேர்க்கலாம். பழைய சுண்ணாம்பும் பாசியும் போகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைப்பது கட்டாயம்.

கடப்பா கல் துண்டுகளை அடுக்கிக் கட்டுவதுதான் அதன் சொந்த ஊர்ப் பாறைக்கு மிக நெருக்கம். ஆனால் சரிந்தால் பல்லி நசுங்கும். மீன்தொட்டி சிலிக்கான் வைத்து ஒட்டத் தெரிந்தவர்கள் மட்டும் செய்யுங்கள்.

குளிர்ந்த பக்கம்தான் நம்ம ஊரில் உண்மையான சோதனை. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய வளர்ப்புக் குறிப்புகள் எப்படிச் சூடேற்றுவது என்றே பேசும். கத்திரி வெயிலில் வியாசர்பாடியிலோ பெரம்பூரிலோ மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறையில் நமக்குக் கவலையே வேறு. குளிர்ந்த பக்கம் 25 டிகிரியை ஒட்டி இருப்பது நல்லது, அந்த நாட்களில் அறையே அதைத் தாண்டிவிடும். இங்கே நான் சொல்வது கவிழ்த்து வைத்த மண் சட்டி. தடித்த மண் சுவர் சட்டென்று சூடேறாது, உள்ளே நல்ல இருட்டு. கொசப்பேட்டை பக்கம் குயவர் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். சுடுவதற்கு முன்பே விளிம்பில் வாசல் வெட்டித் தரச் சம்மதித்தால் அதைவிட நல்லது கிடையாது, கூரான ஓரம் இருக்காது. வர்ணம் பூசியது வேண்டாம். பூந்தொட்டி என்றால் அடியில் உள்ள ஓட்டையை அடைத்துவிடுங்கள், தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். சட்டி கனமானது என்பதால் மண்ணின் மேல் வைக்காமல் தொட்டித் தரையிலேயே பதியுங்கள். கெக்கோ அடியில் தோண்டினால் மேலே இறங்கிவிடும்.

ஆனால் மண் சட்டி அறையின் சூட்டைக் குறைத்துவிடாது. கடற்கரை ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், நனைத்த சட்டி வறண்ட ஊரில் குளிர்வது போல இங்கே குளிராது. சூடு கட்டுக்கடங்காத நாளில் ஃபேன், ஏசி, இல்லை தொட்டியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதுதான் வழி.

கொட்டாங்குச்சி குட்டிகளுக்குச் சரி, பெரியதற்குப் போதாது. நம்ம ஈரக்காற்றில் பூஞ்சை வேறு பிடிக்கும். அட்டைப்பெட்டி அவசரத்துக்கு ஓரிரு நாள் தாங்கும்.

ஈரக் கூடு என்று வந்தால் சட்டி தோற்கும், சாதாரண பிளாஸ்டிக் டப்பா ஜெயிக்கும். மண் தண்ணீரை உறிஞ்சி வெளியே விட்டுவிடும், டப்பா மூடிய ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும். பக்கவாட்டில் உடல் தாராளமாக நுழையும் ஓட்டை போட்டு, விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கி, வெளியே கறுப்புத் தாள் சுற்றுங்கள். உள்ளே பிழிந்த டிஷ்யூ பேப்பர் அல்லது உரம் கலக்காத கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்). கையில் ஈரம் தெரியவேண்டும், சொட்டக் கூடாது. நம்ம ஊர்க் காற்றிலேயே ஈரம் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஹீட் மேட் ஓடும் தொட்டியில் அதை நம்ப முடியாது. உரியாத தோல் விரல் நுனியில் வளையமாக இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். பெண் கெக்கோ முட்டையிடவும் இந்த டப்பாவைத்தான் தேடும். பூஞ்சை வாடை வருவதற்கு முன்பே உள்ளே இருப்பதை மாற்றிவிடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரமாக.

மூன்றையும் வைக்க இடமில்லை என்றால் தொட்டிதான் சிறியது. கொளத்தூர் மீன்கடைப் பக்கம் மூன்றடி நீளத்தில் ஒன்று பார்த்து, மேலே காற்றோட்டமான வலை மூடி போட்டுக்கொள்ளுங்கள்.